கொழும்புக்குப் போக வைத்திருந்த பணம்

கொழும்புக்குப் போகிறோம் என்று எங்கள் தீவு ஊரான திக்லிபூரில் ஒரு ஆளிடமும் மூச்சு விடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சூசையிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். ஒருவர் மெயின்லேண்ட் கப்பல் ஏறப் போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், வாசலில் மூட்டைகள் வந்து இறங்கிவிடும். மெட்ராஸில் இருக்கும் மைத்துனனுக்குப் பாக்கு, கல்கத்தா மாமாவுக்குக் கருவாடு, இன்னொருவருடைய மகனுக்குச் சட்டை. வெளிநாடு என்று வேறு தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். யார் எதற்குள் எதைச் சுற்றிக் கொடுப்பார்கள் என்று யார் கண்டது? கஸ்டம்ஸில் பிரித்துப் பார்க்கும்போது கைகட்டி நிற்கப் போகிறவள் நான்.

போகிற காரணத்தை உங்களிடம் சொல்வதில் தடையில்லை. என் தங்கை ரீத்தாவைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் புருஷன் அந்தோனிக்குத் துறைமுகத்தில் வேலை. மூன்று தடவை பெற்று மூன்றும் நிலைக்கவில்லை. எங்களுக்கு அம்மா இல்லை, அந்தோனிக்கும் அந்தப் பக்கம் பொம்பளை ஆள் கிடையாது. போன தடவையே போய்ப் பக்கத்தில் இருக்கலாம் என்று நானும் சூசையும் பாஸ்போர்ட் எடுத்தோம். கப்பல் கிடைக்கவில்லை. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தபோதே தந்தி வந்துவிட்டது. இப்போது நான்காவது. அந்தோனியார் திருநாளை ஒட்டிப் பிரசவம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். இந்தத் தடவையும் அக்கா வராவிட்டால் தாங்க மாட்டேன் என்று எழுதியிருந்தாள். திருநாளுக்குள் நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் பயணத்துக்கு இதைத் தவிர வேறு நோக்கம் கிடையாது, கொழும்பைச் சுற்றிப் பார்க்கிற ஆசையும் கிடையாது.

சூசைக்கு ஒரு டிங்கிப் படகு உண்டு. அவர் பிடிப்பார், நான் உப்புப் போட்டுக் காயவைத்து விற்பேன். அந்தக் காசில்தான் சேர்த்தோம். இரண்டு பேருக்கும் என்ன செலவாகும் என்று சாப்பிட்ட பின் தினமும் உட்கார்ந்து பேசுவோம். சூசை கணக்கு எப்போதும் சின்னது. படகு, கப்பல், ரயில், சாப்பாடு, அந்தப் பக்கம் போகும் கப்பல், அவ்வளவுதான். என் கணக்கில் இன்னொன்றும் உண்டு. ஏமாறுவதற்கு என்று தனியாக ஒரு தொகை வைத்தேன். கூலிக்காரர், ரிக்‌ஷாக்காரர், சில்லறை இல்லை என்று சொல்லும் டீக்கடைக்காரர், எல்லாருக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

"ஏமாறாம இருந்துட்டா அந்தக் காசு மிஞ்சும்லா?" என்று சூசை கேட்டார்.

"அதெல்லாம் மிஞ்சாது" என்றேன். ஊர் உலகம் தெரியாத மனுஷர்.

நம் பணம் அங்கே செல்லாது, கொஞ்சம்தான் மாற்றித் தருவார்கள் என்று சூசை சொன்னதையும் நான் முதலில் நம்பவில்லை. நான் உப்பில் கை புண்ணாகிச் சம்பாதித்த பணத்தை எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்ய இவர்கள் யார்? இடையில் எவனோ தின்கிறான் என்றுதான் நினைத்தேன். விசாரித்ததில் நிஜம் என்று தெரிந்தது. ஆனாலும் மனசு சமாதானமாகவில்லை.

வழியில் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்று அவல், கருவாட்டுப் பொடி, அவித்த முட்டை, தேங்காய் எல்லாம் கட்டிக்கொண்டேன். பணத்தைத் துணியில் சுருட்டிப் பால்பவுடர் டின்னின் அடியில் வைத்து மேலே அவலைக் கொட்டினேன். அவல் டின்னை எவன் திருடுவான்?

பக்கத்து வீட்டு வங்காளி அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதற்கு இத்தனை தேங்காய் என்றாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டேன்.

ஏரியல் பே படகுத்துறை ஜெட்டியில் போர்ட் பிளேர் போகும் படகு நின்றது; மெட்ராஸ் கப்பல் அங்கிருந்துதான். மழைக்காலம் தொடங்கிவிட்டதால் டெக்கில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நல்ல மூலையாகப் பார்த்துப் பாயை விரித்து, டின்னை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போதுதான் ஒரு மீசைக்காரர் வந்தார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, கக்கத்தில் குடை. டெக் முழுக்க இடம் கிடந்தது. அவர் எங்கள் பாயை ஒட்டியே தன் பெட்டியை இறக்கினார்.

"போர்ட் பிளேர் வரைக்குமா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

எங்கள் தீவில் முன்பின் தெரியாத ஆளிடம் வாய் திறந்தால் ஹிந்திதான் வரும். எதிரில் நிற்பவர் வங்காளியா, தெலுங்கா, மலையாளியா, ராஞ்சிக்காரரா என்று எப்படித் தெரியும்? எல்லாருக்கும் பொதுவாக ஹிந்தி. பேசிப் பேசி, ஹிந்தியில் பேசுகிறவருக்குத் தமிழ் தெரியாது என்பதும் எங்களுக்குப் பழகிப் போயிருந்தது. வீட்டுக்குள் மட்டும் பேசும் தமிழ், வெளியே எங்களுக்குப் பூட்டுப் போட்ட அறை மாதிரி.

"ஆமாம்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, சூசை பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்: "மூஞ்சியப் பாத்தியளா? களவாணி மூஞ்சி. இவ்ளோ எடம் கெடக்கு, நம்ம பக்கத்துல வந்து ஏன் ஒக்காரணும்?"

மீசைக்காரர் குடையைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி கட்டினார். அதையும் நான் பார்த்தேன். பார்த்துத் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். முடிச்சுப் போடும் கை பழகிய கை, எத்தனை பேர் முடிச்சை அவிழ்த்ததோ என்று நினைத்தேன்.

படகு கிளம்பியது. அந்த மனுஷர் சும்மா இருக்கவில்லை. போர்ட் பிளேரில் எத்தனை நாள், எங்கே தங்குவோம், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தான் காட்டிலாகாவில் லாரி ஓட்டுவதாகச் சொன்னார். அவர் ஹிந்தி எங்கள் ஹிந்தியைவிட மோசம். ஆணுக்குப் பெண்பால், பெண்ணுக்கு ஆண்பால்.

"தீவுக்கு வந்து ரொம்ப நாள் ஆகல, அதான் பேச்சு இந்த லட்சணம்" என்று சூசையிடம் சொன்னேன். "எந்த ஊர்ல என்ன பண்ணிட்டு இங்க ஓடியாந்தானோ. டின்ன விட்டு நகந்துராதிய. ரூவா பூரா அதுலதான் கெடக்கு."

"சத்தம் போடாதட்டி" என்றார் சூசை.

"அவனுக்கு என்ன தெரியப் போவுது?"

மாயாபந்தரில் படகு நின்றபோது அவர் இறங்கிப் போய் இலையில் பூரியும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்து எங்களுக்கு நீட்டினார். பூரியின் வாசனை டெக்கையே தூக்கியது. என் கையில் அவல். நான் வேண்டாம் என்றேன். சூசை கையை நீட்டிவிட்டார்.

"திங்காதிய. மயக்க மருந்து போட்டிருப்பான்" என்றேன்.

"அவரும் அதையேதானே திங்கார்" என்று சொல்லிவிட்டு சூசை தின்றார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொக்கவில்லை. இன்னும் இரண்டு பூரி தின்றார்.

எங்கள் ஆட்கள் பரம்பரையாகக் கடலில் போனவர்கள். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் கரையோடு சரி. மாயாபந்தர் தாண்டியதும் காற்று ஏறியது. எனக்குக் குடலே வெளியே வந்துவிடும் போல் ஆயிற்று. மீசைக்காரர் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்து, எலுமிச்சை ஊறுகாய், நாக்கில் வைத்தால் வாந்தி நிற்கும் என்று கொடுத்தார். நான் தொடவில்லை. சூசை ஒரு துண்டைச் சப்பிவிட்டு, "ஏட்டி, நம்ம ஊர் ருசியால்லா இருக்கு" என்றார்.

"எந்தத் தமிழ்க்காரி வீட்டு அடுப்பங்கரையில கைய விட்டானோ" என்றேன், அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே. அவர் ஜாடியின் மூடியை மெதுவாகத் திருகினார். சிரிப்பை அடக்குவது போலவும் இருந்தது, கோபத்தை அடக்குவது போலவும் இருந்தது.

படுத்துக்கிடந்தபோது எனக்கு ரீத்தா நினைப்பு வந்துவிட்டது. சூசையிடம் புலம்பினேன். மூணு புள்ளையையும் தனியாப் பெத்துத் தனியாப் பொதைச்சவ, இந்தத் தடவையும் நான் போய்ச் சேராட்டி அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன், கொழும்பு எந்தத் தெசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே என்று என்னென்னவோ சொன்னேன். வாய்விட்டு அழுதேன். யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியம்.

மீசைக்காரர் கடலைப் பார்த்தபடி ஹிந்தியில் ஒரே வாக்கியம் சொன்னார். "ஊப்பர்வாலா பார்த்துக்கொள்வான்."

யாரும் கேட்காமல் இந்த ஆள் ஏன் கடவுளை இழுக்கிறான் என்று எனக்கு எரிச்சல் வந்தது. ரங்கத் என்ற ஊரில் படகு நின்றபோது எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அதற்கப்புறம் ஒன்றும் நினைவில்லை. மறுநாள் போர்ட் பிளேர் வந்தபோதுதான் தலை தூக்கினேன்.

ஜெட்டியில் இறங்கினோம். மெட்ராஸ் கப்பலுக்கு அன்றைக்குக் காலையில்தான் டிக்கெட் கொடுப்பார்கள். எங்கள் படகில் வந்தவர்களில் பாதிப் பேர் இறங்கியதும் நேரே கவுண்டரைப் பார்த்து ஓடினார்கள். மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று சூசை ஒரு கைவண்டி பார்க்கப் போனார். நான் டின்னோடு நின்றேன். மீசைக்காரர் எங்கள் தேங்காய் மூட்டையைத் தானாகவே தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். அவர் திரும்பியதும் ஏதோ தோன்றி டின்னுக்குள் கையை விட்டேன். அவல் தட்டுப்பட்டது. அடிவரை அவல்தான் தட்டுப்பட்டது.

பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்தேன். "சோர், சோர்" என்று ஹிந்தியில் நான் போட்ட கூச்சலில் ஜெட்டி முழுக்கக் கூடிவிட்டது. ஒரு போலீஸ்காரர் வந்து எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துச் சாவடிக்கு நடத்திக்கொண்டு போனார்.

மழைத் தண்ணீர் தரையெல்லாம் நின்றது. போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மீசைக்காரர் திறந்தார். மேலே ஒரு கல்யாணச் சேலை, மடிப்புக் கலையாமல். அதை வெடுக்கென்று இழுத்தவள் நான்தான். அடியில் பணம் இருக்கும் என்ற வெறி. சேலை நழுவிச் சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. அடியில் வெள்ளிக் கொலுசு, ஊறுகாய் ஜாடி, இரண்டு வேட்டி இருந்தன. என் பணம் இல்லை.

"இதெல்லாமே திருட்டுச் சாமான்" என்று போலீஸ்காரரிடம் சொன்னேன்.

மீசைக்காரர் குனிந்து சேலையை எடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட அதைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி" என்றார். சுத்தமான தமிழ். "ரங்கத்துல நீங்க வாந்தி எடுக்கப் போனப்ப உங்க வீட்டுக்காரர் டின்னத் தொறந்து பணத்த எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டார். நான் பாத்தேன். அவரக் கூப்புட்டுக் கேளுங்க."

ஏரியல் பேயிலிருந்து நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக என் காதில் திரும்பி வந்தது. களவாணி மூஞ்சி. ஓடி வந்தவன். தமிழ்க்காரி வீட்டு அடுப்பங்கரை. தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"தமிழ் தெரியும்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அப்போதும் குற்றம் அவர் மேல்தான்.

"மொத பேச்சே களவாணின்னு வந்துட்டு. அதுக்கப்புறம் தமிழ்ல வாயத் தொறந்தா உங்களுக்கும் மானம் போகும், எனக்கும் போகும். ஒரு நாள் தானே, இறங்கிட்டாப் போயிரலாம்னு ஹிந்தியிலயே ஓட்டினேன்."

அதற்குள் சூசை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டதும் சட்டையைத் தூக்கிக் காட்டினார். துணிச் சுருள் அவர் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று கத்தினேன்.

"உங்கிட்ட சொன்னா நீ கப்பல் பூரா சொல்லுவ" என்றார் சூசை. போலீஸ்காரருக்கு என்ன நடந்தது என்று மீசைக்காரரே ஹிந்தியில் விளக்கினார், ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆணாக. போலீஸ்காரர் சிரித்துவிட்டு எல்லாரையும் போகச் சொன்னார்.

நாங்கள் கவுண்டருக்கு ஓடினோம். பங்க் டிக்கெட் தீர்ந்துவிட்டது. கீழ்த்தளத்தில் நூற்றுக்கணக்கில் படுத்துப் போகிற அந்த மலிவு டிக்கெட்டை நம்பித்தான் எங்கள் கணக்கு முழுவதும். கேபினில் மட்டும் இடம் இருந்தது. அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டோம். திருநாள் தாண்டித்தான் என்றார் கவுண்டர்காரர். சாவடியில் நான் அடித்த கூத்துக்கு அதுதான் விலை. போன தடவையும் கப்பல், இந்தத் தடவையும் கப்பல்.

அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டோம். எப்படிக் கூட்டினாலும் கேபினில் ஒரு ஆள்தான் போக முடியும். ஏமாறுவதற்கு வைத்த தொகையைச் சேர்த்தாலும் இரண்டு பேருக்குத் தேறவில்லை.

"நீ போ" என்றார் சூசை. "நான் போய் அங்க என்ன செய்ய?"

"தனியாவா? எனக்கு யாரத் தெரியும்? மெட்ராஸ்ல எறங்கி ரயில் ஏறி இன்னொரு கப்பல் ஏறி... எவனாவது வித்துப்புடுவான்."

சூசை பணத்தை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டார். "அந்த மனுஷர் அதே கப்பல்லதான் போறார். கொழும்பு வழியா மலைநாட்டுக்கு. ஆபீஸ் ஆளு மூலமா முன்னாடியே டிக்கெட் எடுத்து வச்சிருக்காராம். நேத்து நீ படுத்திருக்கும்போது எங்கிட்ட சொன்னார்."

"ஹிந்தியிலயா?"

"ஹிந்தியிலதான்."

வேறு வழி இல்லை. சூசை கேபின் டிக்கெட் ஒன்றை வாங்கினார். டீக்கடை ஒன்றில் அந்த ஆளைக் கண்டுபிடித்தோம். பெயர் முத்தையா. பெஞ்சில் பெட்டியை வைத்து அதன் மேல் ஈரச் சேலையைப் பிரித்துப் போட்டிருந்தார். அக்காள் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சேலையாம் அது. கல்யாணம் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அவர் பிறந்து வளர்ந்த இடம். சேலையின் ஒரு முனையில் செம்மண் கறை நன்றாக ஏறியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

என்னைக் கொழும்பு வரை கூட்டிப் போகச் சொல்லி சூசை கேட்டுப் பார்த்தார். முத்தையா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"முடியாதுங்க. வழியில உங்க வீட்டம்மாவோட ஊசி ஒண்ணு காணாமப் போனாலும் நான்தான் பதில் சொல்லணும். கல்யாணத்துக்குப் போறவன் நான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தப்பு என் மேல்தான், ஆனாலும் வந்தது. "அண்ணாச்சி, எந் தங்கச்சிக்கு மூணு புள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். கேட்டேன்" என்றார்.

ஆமாம், எல்லாமே கேட்டவர்தானே. அவரிடம் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் பாக்கி இல்லை. மன்னிப்புக் கேட்கலாம். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது, என்றைக்குமே வந்ததில்லை. சூசையின் இடுப்பிலிருந்து துணிச் சுருளை உருவினேன். டிக்கெட் போக மீதி இருந்த பணம் முழுவதும் அதில். பெஞ்சில் ஈரச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கொழும்பு வரைக்கும் இத நீங்களே வச்சிருங்க" என்றேன். "எங்கிட்ட இருந்தாத்தானே காணாமப் போகும்."

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சூசை என்னை இருபது வருஷக் குடித்தனத்தில் பார்த்தேயிராத ஒருத்தியைப் பார்ப்பது போல் பார்த்தார். முத்தையா சுருளைத் தொடவில்லை.

"எண்ணிக் குடுங்க" என்றார். "குடுக்கும்போதும் எண்ணணும், வாங்கும்போதும் எண்ணணும். நாளைக்கு ஒரு ரூவா கொறைஞ்சாலும் நான்தானே களவாணி."

நான் எண்ணினேன். அவரும் எண்ணினார். டீக்கடைக்காரரையும் ஒரு தரம் எண்ணச் சொன்னார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, அவர் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் செய்வேன் என்றும் பட்டது.

கப்பல் புறப்பட்டபோது சூசை ஜெட்டியில் மழையில் நின்று கையை ஆட்டினார். கேபினில் என்னோடு ஒரு ஆபீசர் மனைவி இருந்தாள். என் கருவாட்டுப் பொடி டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். அதனால் கேபின் பெரும்பாலும் எனக்கே கிடைத்தது. கேபின் குளியலறையில் நல்ல தண்ணீர் வந்தது. முத்தையாவிடம் அந்தச் சேலையைக் கேட்டு வாங்கி, முனையை மட்டும் மெதுவாகக் கசக்கி அலசினேன். கறை குறைந்தது, முழுக்கப் போகவில்லை. அவர் பார்த்துவிட்டு, பரவாயில்லை, மடிப்புக்குள் போய்விடும் என்றார். ஊறுகாய் ஜாடியை என்னிடமே கொடுத்துவிட்டார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன். வாந்தி நிஜமாகவே நின்றது.

நான் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் காலையில் கீழே பங்க் தளத்துக்கு இறங்கிப் போய், அவர் இடுப்பில் சுருள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன். அவரும் அதற்காகவே சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுப் பேச ஆரம்பிப்பார். இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மெட்ராஸில் ரிக்‌ஷாக்காரர் எங்களை ஒரே தெருவில் இரண்டு தரம் சுற்றினார். ஏமாறும் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. ராமேஸ்வரம் ரயிலில் உட்கார இடமில்லாமல் பெட்டி மேல் உட்கார்ந்து போனோம். கடலைத் தாண்டும் கப்பல் ஒரு பகல்கூட இல்லை. எங்கள் திக்லிபூர் படகுப் பயணத்தில் கால்வாசி. இதற்கா வெளிநாடு என்று பேர் என்று தோன்றியது. அந்தப் பக்கம் இறங்கியதும் கஸ்டம்ஸில் என் அவல் டின்னை அடிவரை கிளறினார்கள். அவல்தான் இருந்தது. தலைமன்னாரில் தேங்காய்ப் பூ போட்ட ரொட்டியும் காரமான சம்பலும் விற்றான் ஒரு சிங்களக்காரன். விலை கேட்டேன், நம்பவில்லை. முத்தையா சிங்களத்தில் பேரம் பேசிப் பாதிக்கு வாங்கினார். ரொட்டி வாயில் கரைந்தது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தின்றுகொண்டே, ரீத்தாவுக்கு வலி வந்திருக்குமோ, வந்து எல்லாம் முடிந்தே போயிருக்குமோ என்று நினைத்து மீதியைத் தின்ன முடியாமல் மடித்து வைத்தேன்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. தூரத்தில் அந்தோனி நிற்பது தெரிந்தது; சூசை போர்ட் பிளேரிலிருந்து தந்தி அடித்திருந்தார். முகம் மழிக்காமல், கண் உள்ளே போய், சட்டை கசங்கி நின்றான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். சிரிக்கவில்லை.

முத்தையா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பிலிருந்து சுருளை அவிழ்த்தார். தலைமன்னாரில் மாற்றியதால் இப்போது அதில் இலங்கைப் பணம்.

"எண்ணுங்க தங்கச்சி" என்றார்.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி. அந்தா மச்சினன் நிக்கான்."

"எண்ணாம நான் போகமாட்டேன்." மலைநாட்டு ரயில் அடுத்த பிளாட்பாரத்தில் புறப்படத் தயாராக நின்றது. அவருக்கும் அவசரம்தான்.

அவரை ஒரு திட்டுத் திட்டிவிட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். பழகாத நோட்டு. அந்தோனி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. நோட்டையே பார்த்துக்கொண்டு எண்ணினேன்.

"மதினி" என்றான். "நேத்துக் காலையில பொறந்துட்டுது. உங்களுக்குக் காத்திருக்கேல்ல. பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் சுகம். நான்தான் ரெண்டு நாளாத் தூங்கேல்ல."

என் கையில் நோட்டு அப்படியே நின்றது. நான் அழுதேன். பிளாட்பாரத்தில், பெட்டி மேல் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதேன். அந்தோனியும் கண்ணைத் துடைத்தான்.

முத்தையா என் எதிரில் குந்தினார். அந்தப் பக்கம் அவர் ரயில் ஊதியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தனை வந்துச்சு?" என்றார்.

"கணக்கு விட்டுப்போச்சு அண்ணாச்சி."

"அப்ப மொதல்ல இருந்து எண்ணுங்க" என்றார்.